மடிந்த வரி

வெரேனா அனுப்பிய வழு அறிக்கையில்
ஒரே ஒரு படம்.
போர்ட் மதகில் அவளுக்கு இரவு வேலை.
திரையின் ஒரு பாதியில் கேமரா,
மறுபாதியில் நாங்கள் எழுதிய முனையம்.
ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரி:
நேரம், மதகு எண், ஏரியின் மட்டம்.
"சாளரத்தின் மூலையைப் பிடித்து
ஒரு விரல் அகலம் உள்ளே தள்ளினேன்.
கடைசி வரியைக் காணோம்.
எனக்கு வேண்டியது கடைசி வரி மட்டும்தான்."

அவள் எழுத்தில் கோபம் இல்லை.
பீல் நகரத்தில் தெருப்பெயரைப் போலவே
கோபத்தையும் இரண்டு மொழியில் எழுத வேண்டும்,
அதனால் ஒன்றிலும் எழுதமாட்டார்கள்.

என் வீடு ஒன்றரை அறை.
ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது.
அந்த அரை எங்கே என்று
குடிவந்த நாளிலிருந்து தேடுகிறேன்.
கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவே
நான் திரும்பி நிற்கும் இடமாக இருக்கலாம்.
அங்கே உட்கார்ந்து கணினியைத் திறந்தேன்.

எண்பது எழுத்து அகலம்.
எழுபத்தொன்பது. ஒன்றும் ஆகவில்லை.
எழுபத்தெட்டு. ஒன்றும் ஆகவில்லை.
மூலையைப் பிடித்துத் தள்ளி, இழுத்து, தள்ளி,
துருத்தி ஊதுகிறவள் போல ஒரு மணி நேரம்.
பிறகு அலுத்துப்போய்த் தமிழில் தட்டினேன்,
வேகமாகச் சுருக்கினேன்:

ஏரியின் தண்ணீர் மட்
டம் 429.31

அகட்டினேன். ஒட்டவில்லை.
'டம்' தன் பாட்டில் கீழே நின்றது.
அதற்கும் கீழே இருந்த வரி
இருந்ததற்கே அடையாளம் இல்லை.

ஒவ்வொரு வரியின் கடைசியிலும்
ஒரு பிட் வைத்திருக்கிறோம்:
இது முடிந்ததா, மடிந்ததா.
தமிழில் ஓர் உகரம்,
நிரலில் ஒன்றோ சுழியோ.
சாளரம் அசைந்தால் ஒரு சமிக்ஞை வரும்.
அதைக் கையில் வாங்குவதற்குள் அடுத்தது வரும்.
அந்த அவசரத்தில் வரியைப் பிரதி எடுக்கிறோம்,
பிட்டை விட்டுவிடுகிறோம்.
மடிந்தது எல்லாம் முடிந்தது ஆகிறது,
இடம் போதாமல் அடியிலிருந்து ஒன்று விழுகிறது.

இதை எழுதியவர் யார் என்று பார்த்தேன்.
நான்தான்.
மூன்று வருடத்துக்கு முன், ஒரு வெள்ளி, மாலை 5.52.

காலையில் ஜில் சொல்லியிருந்தான்,
"யார் சாளரத்தை இப்படி ஆட்டுகிறார்கள்? மூடிவிடு."
வழுவமைதி என்று ஒரு சலுகை
எங்கள் இலக்கணத்தில் உண்டுதான்.
உவப்பு, உயர்வு, சினம், இன்னும் சில
காரணத்தால் பிழையைப் பொறுக்கலாம்.
மதகுக்காரியின் கடைசி வரி
அந்தப் பட்டியலில் இல்லை.

துவாரகன் கடைசியாகப் பேசியது
பாசல் ரயிலில், கிரென்சனைத் தாண்டும்போது.
"நீ வேணுமெண்டால்" என்றான்.
மலை வந்துவிட்டது.
எட்டரை கிலோமீட்டர் சுரங்கம்.
மறுபக்கம் வெளிச்சத்துக்கு வந்தபின்
அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.
ஒன்பது வாரமாக அதை
முடிந்த வரிகளோடுதான் வைத்திருந்தேன்.

திருத்தம் நான்கு வரி.
இரண்டு நாற்பதுக்கு அனுப்பினேன்.
மூன்றுக்கு ஐந்து இருக்க வெரேனா எழுதினாள்:
"ஆட்டிப் பார்த்தேன். 429.31. நிற்கிறது."
மழை பற்றியும் ஏதோ எழுதியிருந்தாள்.

துவாரகனுக்கு ஒரே சொல் அனுப்பினேன்:
"வேணுமெண்டால்?"
அவன் காலை வேலைக்காரன், நாலரைக்குத்தான் எழும்புவான்.

தூக்கம் வரவில்லை.
விளிம்பில் 'கொய்யா' என்று தட்டிப் பார்த்தேன்.
க இந்த வரியில்.
கொம்பும் காலும் அடுத்த வரியில்,
எழுத்து இருக்க வேண்டிய இடத்தில்
புள்ளிகளால் ஒரு வெறும் வட்டத்தைச்
சுமந்துகொண்டு.

இது வேறு வழு.
வேறு எண் போட்டு வைத்தேன்.